அரிப்பு வந்ததும் மாத்திரையா? – மகளிர் நலம் கேள்வி பதில்

பிறப்புறுப்பில் வரும் பூஞ்சைத் தொற்று குறித்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். மகளிர் மருத்துவக் குழுவினர் பதிலளிக்கிறார்கள்.

நடவு, களையெடுப்புன்னு வயல் வேலைக்குப் போறவ நான். குறுவை நடவு வந்தாலே பிறப்புறுப்பில் அரிப்பும் எரிச்சலும் வந்துடுது. நாள் முழுக்க முழங்கால் சேத்துல நிக்கறதால அந்தத் தண்ணியிலேர்ந்து காளான் ஏறிடுதுன்னு கூட வேலை செய்யறவங்க சொல்றாங்க. நெசமா? இது எப்படித்தான் வருது?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

சேற்றிலிருந்து ஏறுவதில்லை. அந்தப் பூஞ்சை ஏற்கெனவே நம் உடம்பில் இருப்பதுதான். கேண்டிடா என்று பெயர். பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற வகை. குடலில் குடியிருக்கும். அங்கிருந்து ஆசனவாய் வழியாகப் பிறப்புறுப்புக்கு வந்து சேர அதற்குச் சில அங்குலத் தூரம்தான். எந்தத் தொந்தரவும் இல்லாத 100 பெண்களைப் பரிசோதித்தால் 10 முதல் 20 பேரிடம் கேண்டிடா இருக்கும். அவர்களுக்கு அரிப்பில்லை, வெள்ளையில்லை, மருந்தும் தேவையில்லை. இத்தனை நாள் சும்மா கிடந்தது இப்போது ஏன் கிளம்பியது என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

வயதுக்கு வந்தபின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் பிறப்புறுப்பின் உள்சுவரைத் தடிமனாக்கி, அந்தச் செல்களில் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கிறது. உதிரும் செல்களிலிருந்து வரும் அந்தச் சத்தைத் தின்று லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் வளர்கின்றன. லாக்டிக் அமிலத்தைச் சுரக்கின்றன. ஜெர்மானிய மருத்துவர் டோடர்லைன் இவற்றை 1892இல் விவரித்தார். இந்த அமிலத்தால்தான் அங்கே பி.எச். அளவு (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) சுமார் 3.8 முதல் 4.5 வரை இருக்கிறது. அந்தப் புளிப்பில் பெரும்பாலான கெட்ட பாக்டீரியாக்கள் தலையெடுக்காது. கேண்டிடா மட்டும் விதிவிலக்கு, அதற்குப் புளிப்பு ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் லாக்டோபேசில்லஸ் இடத்தையும் உணவையும் பிடித்துக்கொண்டிருக்கும் வரை அது உருண்டை வடிவில், மொட்டுவிட்டுப் பெருகும் ஈஸ்ட்டாக அடங்கிக் கிடக்கும்.

நிலைமை மாறும்போது அதன் உருவமும் மாறுகிறது. நல்ல பாக்டீரியா குறைந்தாலோ, சர்க்கரையோ ஈஸ்ட்ரோஜனோ கூடினாலோ, எதிர்ப்புச் சக்தி தளர்ந்தாலோ, உருண்டைச் செல்லிலிருந்து நீளமான இழைகள் கிளம்பிச் சுவர்ச் செல்களுக்குள் புகுகின்றன. அந்த இழைகள் சுரக்கும் கேண்டிடாலைசின் என்ற நச்சு செல்லின் சவ்வில் ஓட்டை போடுகிறது. இந்த நச்சைக் கண்டுபிடித்ததே 2016இல்தான். செல் அடிபட்டதும் உடம்பு வெள்ளணுக்களை அங்கே அனுப்புகிறது. அவை வந்து குவிகின்றனவே தவிர, அந்தச் சூழலில் பூஞ்சையைச் சரிவரக் கொல்வதில்லை. வீக்கமும் சிவப்பும்தான் மிஞ்சுகின்றன. நீங்கள் உணரும் அரிப்பில் பெரும்பங்கு உடம்பின் இந்தக் கோபத்தால் வருவது. அதனால்தான் பரிசோதனையில் கொஞ்சமே பூஞ்சை தெரியும் பெண் துடித்துப்போவாள், நிறைய இருப்பவள் ஒன்றும் இல்லை என்பாள்.

இனி உங்கள் வயலுக்கு வருவோம். ஈரப் பாவாடையோடு ஏழெட்டு மணி நேரம் குனிந்து நிற்கும்போது தொடையிடுக்கில் வியர்வையும் ஈரமும் உரசலும் சேர்ந்து வெளித்தோல் ஊறிப் புண்ணாகிறது. அங்கே கேண்டிடாவும் பெருகலாம், அதைவிடச் சாதாரணமாகப் படர்தாமரையும் வரலாம். எது என்று தெரிய அரிப்பு எந்த இடத்தில் என்று பாருங்கள். தொடை மடிப்பில் வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து பரவினால் படர்தாமரை. அதற்கு உள்ளே வைக்கும் மாத்திரையால் பயனில்லை. பிறப்புறுப்பின் இதழ்கள் சிவந்து வீங்கி, உள்ளேயும் அரித்து, வாடையில்லாமல் திரிந்த பாலின் திப்பி போல வெள்ளை வந்தால் கேண்டிடாவாக இருக்கலாம். சிறுநீர் மேலே படும்போது வெளித்தோல் எரிவது இதன் அடையாளம். அடிக்கடி முட்டிக்கொண்டு வந்து, உள்ளுக்குள் கடுத்தால் அது சிறுநீர்த் தொற்று. ஒதுங்க இடமில்லையே என்று தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கி வேலை பார்க்கும் வயல்களில் இது மிகச் சகஜம்.

வேலைக்குப் போகும்போது உலர்ந்த உள்பாவாடை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கரையேறியதும் கால் கழுவுவதோடு நிறுத்தாமல், தொடையிடுக்கைப் பருத்தித் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு மாற்றிக்கொண்டு வீடு போங்கள். வருடத்தில் அந்த ஒரு பருவத்தில் மட்டும் வருகிறது என்றால் இதிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் காட்டித்தான் ஆக வேண்டும்.

தொண்டை வலிக்கு 7 நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். தொண்டை சரியாச்சு, ஆனா அஞ்சாறு நாள்ல கீழே பயங்கர அரிப்பு. தயிர் நிறைய சாப்பிடச் சொல்றாங்க, உள்ளே தடவவும் சொல்றாங்க. செய்யலாமா?
– வாசகி, கும்பகோணம்

தொண்டைக் கிருமியைக் கொன்ற மருந்துக்கு லாக்டோபேசில்லஸும் கிருமிதான். அதையும் சேர்த்துக் கொன்றுவிட்டது. கேண்டிடா பாக்டீரியா அல்ல, பூஞ்சை. அதனால் அமாக்ஸிசிலினோ டாக்ஸிசைக்ளினோ அதைத் தொடுவதில்லை. போட்டிக்கு ஆளில்லாமல் போனதும் பெருகிவிடுகிறது. முன்பே கேண்டிடா இருந்த பெண்களுக்குத்தான் இப்படி ஆகும், எல்லாருக்கும் ஆகாது.

தயிரைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுங்கள், தாராளமாக. உள்ளே தடவ வேண்டாம். தயிரில் உள்ள பாக்டீரியா வகை வேறு, பிறப்புறுப்பில் குடியிருப்பவை வேறு. ஆன்டிபயாடிக் சாப்பிடும் பெண்களுக்கு லாக்டோபேசில்லஸையே வாய்வழியாகவும் உள்ளே வைத்தும் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது; அதில்கூடப் பூஞ்சைத் தொற்று குறையவில்லை.

அடுத்த முறை ஆன்டிபயாடிக் எழுதும் மருத்துவரிடம், "போன தடவை இதைச் சாப்பிட்டு ஈஸ்ட் வந்தது" என்று சொல்லிவிடுங்கள். அது தேவைதானா என்று அவர் ஒரு முறை யோசிப்பார். தொண்டை வலியில் பாதிக்கு மேல் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை. அரிப்பு வந்துவிட்டதே என்று, தொடங்கிய மருந்தைப் பாதியில் நிறுத்துவதும் சரியல்ல.

வெள்ளைப்பட்டால் எலும்பு உருகி வெளியே போகிறது என்று என் மாமியார் சொல்கிறார். எனக்கு எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது, உடம்பும் அசதி. உடம்புச் சூடா?
– வாசகி, திருவையாறு

எலும்புக்கும் வெள்ளைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வருவது தண்ணீர், சளி, உதிர்ந்த செல்கள், நல்ல பாக்டீரியா, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு அரை டீஸ்பூன், முக்கால் டீஸ்பூன் வருவது இயல்பு. மாதவிலக்குக்கு இரண்டு வாரம் முன்பு, கருமுட்டை வெளியாகும் நாட்களில், முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இழுபடும். பிறகு கெட்டியாகி, உள்ளாடையில் காய்ந்தால் லேசான மஞ்சளாகத் தெரியும். அரிப்பு, வாடை, எரிச்சல் எதுவும் இல்லாதவரை அதற்கு மருந்து தேடாதீர்கள்.

அசதிக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கும். முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12க்குக் கீழே என்றால் ரத்தசோகை. அடுத்து தைராய்டு, சர்க்கரை. இந்த ‘சூடு’ என்ற சொல்லைச் சொல்லிச் சொல்லியே ரத்தசோகையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் குடும்பங்கள் ஏராளம்.

மெடிக்கல்ல கேட்டு ஒரு க்ரீம் வாங்கிப் போட்டேன். ஒரே நாள்ல அரிப்பு நின்னுச்சு. விட்டதும் முன்னைவிட அதிகமா வருது. இப்போ மூணாவது ட்யூப். வேற என்ன மருந்து, எப்படிப் போடணும்?
– வாசகி, பாபநாசம்

ட்யூபின் மேல் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அதோடு ஒரு ஆன்டிபயாடிக், ஒரு பூஞ்சை மருந்து என்று மூன்றையும் நான்கையும் கலந்து விற்கிறார்கள். ஸ்டீராய்டு உடம்பின் கோபத்தை அமுக்குகிறது, அதனால் அரிப்பு நிற்கிறது. அதே சமயம் பூஞ்சையை எதிர்க்கும் சக்தியையும் அமுக்குவதால் அடியில் அது சௌகரியமாக வளர்கிறது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, தொடையில் கோடுகோடாக வெடிக்கும். அந்தக் கோடு மறையாது. இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு பட்டியலில் சேர்த்தது. கடைக்காரரிடம் அதைச் சொல்லிச் சண்டை போடுவதைவிட, ட்யூபைத் தூக்கிப் போட்டுவிட்டு மருத்துவரைப் பார்ப்பது மேல்.

காட்டும்போது சில நிமிட வேலையாக இரண்டு சோதனைகள் செய்யலாம். பி.எச். தாளை உள்சுவரில் ஒற்றி எடுப்பது ஒன்று, 4.5க்குள் இருந்தால் பூஞ்சைக்கு ஒத்துவரும், அதற்கு மேல் என்றால் வேறு ஏதோ. திரவத்தில் ஒரு துளியை 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது இன்னொன்று. மற்ற செல்கள் கரைந்து, இழைகள் மட்டும் தெளிவாகத் தெரியும். இது எதற்கு என்றால், ‘எனக்கு ஈஸ்ட்தான்’ என்று தாமே முடிவுசெய்து கடையில் மருந்து வாங்கிய பெண்களைச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. அவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் வெறும் பூஞ்சைத் தொற்று இருந்தது. மீன் வாடையோடு மெல்லிய சாம்பல் நிறத்தில் வந்தால் அது பாக்டீரியா சமநிலை குலைவு. நுரையோடு பச்சை மஞ்சளாக வந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி. இரண்டுக்கும் மெட்ரோனிடசோல் போன்ற மருந்து வேண்டும், பூஞ்சை மாத்திரை பயன்படாது.

பூஞ்சைதான் என்று உறுதியானால் பெரும்பாலும் இரண்டு வழி. ஃப்ளூகோனசோல் 150 மி.கி. ஒரே ஒரு மாத்திரை, வாய்வழியாக. அல்லது கிளோட்ரிமசோல் 100 மி.கி. உள்ளே வைக்கும் மாத்திரை, 6 அல்லது 7 இரவு, 500 மி.கி. என்றால் ஒரே இரவு. சாதாரணத் தொற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தரும், 100இல் 80 பேருக்கு மேல் குணமாகும். எது வேண்டும் என்பதை நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளைப் பார்த்து மருத்துவர் சொல்வார்.

உள்ளே வைக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். வாசலிலேயே வைத்துவிட்டு, காலையில் முழு மாத்திரையும் கீழே விழுந்து கிடந்தது என்பார்கள். படுக்கப்போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி அகட்டிக்கொள்ளுங்கள். மாத்திரையை ஒரு நொடி தண்ணீரில் நனைத்து, அட்டையோடு வரும் குழாயின் முனையில் செருகிக்கொள்ளுங்கள். குழாய் இல்லையென்றால் நடுவிரல் போதும். மேல்நோக்கித் தள்ளாமல், இடுப்பின் பின்பக்கத்தை நோக்கிச் சாய்வாக, வலிக்காத அளவுக்கு ஆழமாகத் தள்ளி விடுங்கள். பிறகு எழுந்து நடமாட வேண்டாம், அப்படியே தூங்கிவிடுங்கள். காலையில் வெள்ளைப் பொடியாகக் கொஞ்சம் வடிவது கரைந்த மாத்திரையின் மிச்சம், பயம் வேண்டாம். அதற்கு ஒரு நாப்கின் வைத்துக்கொள்ளலாம், உள்ளே செருகும் டாம்பான் கூடாது. மாதவிலக்கு அடுத்த ஓரிரு நாளில் வரும் என்றால் முடிந்தபின் தொடங்குங்கள். நடுவில் வந்துவிட்டால் நிறுத்தாமல் முடியுங்கள். இரண்டாம் நாளே அரிப்பு நின்றாலும் எல்லா இரவுகளையும் முடிக்க வேண்டும். இந்த மருந்துகள் ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும். மருந்து முடிந்து 3 நாள் வரை அதை நம்ப வேண்டாம்.

கல்யாணமாகாத பெண்ணுக்கு உள்ளே வைக்கத் தயக்கம் இருந்தால் வாய்வழி மாத்திரையே போதும்.

வயது 52. 9 வருடமாகச் சர்க்கரை. டாக்டர் போன மாதம் புது மாத்திரை சேர்த்தார், சர்க்கரை நன்றாக இறங்கியது. ஆனால் அரிப்பு ஆரம்பித்துவிட்டது. சர்க்கரை குறையும்போது ஏன் இது வருகிறது?
– வாசகி, மயிலாடுதுறை

சர்க்கரை குறைந்த வழிதான் காரணமாக இருக்கலாம். மாத்திரையின் பெயர் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின், கனாக்ளிஃப்ளோசின் என ‘க்ளிஃப்ளோசின்’ என்று முடிகிறதா? இவை சிறுநீரகம் சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சாமல் தடுத்து, சிறுநீரில் கொட்டிவிடும். ஒரு நாளைக்குச் சுமார் 60 முதல் 80 கிராம் வரை போகும். சிறுநீர் படும் இடமெல்லாம் கேண்டிடாவுக்குச் சர்க்கரைத் தண்ணீர். இதைச் சாப்பிடும் பெண்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்கு, பெரும்பாலும் முதல் சில மாதங்களில் இந்தத் தொற்று வருகிறது. டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020இல் முடிந்ததும் விலை இறங்கி, இப்போது எங்கும் எழுதப்படுகிறது. எழுதிக் கொடுக்கும்போது இதையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மாத்திரை அது, நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்தபின்னும் வெறும் தண்ணீரால் கழுவி, ஈரம் போக ஒற்றித் துடையுங்கள். அரிப்புக்கு உள்ளே வைக்கும் கிளோட்ரிமசோல் உங்களுக்கு ஏற்றது. ஃப்ளூகோனசோலைக் கடையில் கேட்டு விழுங்க வேண்டாம். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் அதன் வேகத்தைக் கூட்டி, சர்க்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கும் இது ஆபத்து. சிகிச்சைக்குப் பிறகும் மறுபடி மறுபடி வந்தால் மாத்திரையை மாற்றலாமா என்று உங்கள் சர்க்கரை மருத்துவர் முடிவெடுப்பார். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் கடும் வலி, வீக்கம், காய்ச்சல் என்று வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது அரிது, ஆனால் அவசரம்.

இந்த மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால் சிறுநீரில் தானாகவே இறங்கும். சர்க்கரை இருப்பதே தெரியாத பல பெண்களுக்கு முதல் அறிகுறி இந்த அரிப்புதான். அடிக்கடி வந்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி. ரத்தச் சோதனை பார்த்துவிடுங்கள்.

என் மனைவிக்கு ஈஸ்ட் இன்ஃபெக்‌ஷன் என்று டாக்டர் சொன்னார். நான் வேலை விஷயமாக வெளியூரில் இருப்பவன். இது வெளியிலிருந்து வரும் நோயா?
– வாசகர், நன்னிலம்

கேட்க வருவது புரிகிறது. இல்லை. இது பால்வினை நோய்க் கணக்கில் வராது. உறவே இல்லாத பெண்ணுக்கும் வரும். பெண்களில் ஏறக்குறைய நான்கில் மூவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வருவது இது. உங்கள் மனைவியிடம் சந்தேகத்தோடு ஒரு கேள்விகூடக் கேட்க முகாந்திரம் இல்லை.

உங்களுக்கு மருந்து தேவையில்லை. ஆணுறுப்பின் முனையிலோ முன்தோலின் அடியிலோ சிவந்து அரித்தால் மட்டும் காட்டுங்கள், அப்போது உங்கள் சர்க்கரையையும் பாருங்கள். மனைவிக்கு எரிச்சல் அடங்கும்வரை உறவைத் தள்ளிப் போடுங்கள்.

7 மாத கர்ப்பம். வெள்ளை, அரிப்பு. மாத்திரை சாப்பிட்டால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?
– வாசகி, பட்டுக்கோட்டை

கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறுவதால் கிளைகோஜனும் ஏறுகிறது. அதனால் கடைசி மாதங்களில் இது அடிக்கடி வரும். வாய்வழி ஃப்ளூகோனசோல் வேண்டாம். கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டவர்களிடம் கருச்சிதைவு கூடுதலாக இருந்ததாக டென்மார்க் ஆய்வு ஒன்று 2016இல் சொன்னது. உங்களுக்குக் கிளோட்ரிமசோல் 100 மி.கி., 7 இரவு. அட்டையில் 6 மாத்திரைதான் இருந்தால் இன்னொன்றும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் குறைந்த நாள் மருந்து அடிக்கடி தோற்றுப்போகும். குழாயை அழுத்தித் தள்ளாமல் விரலாலேயே வையுங்கள். தண்ணீர்போல் திடீரென்று வடிந்து பாவாடை நனைந்தால் அது வெள்ளையல்ல, பனிக்குடம் கசிவதாக இருக்கலாம். அரிப்பைப் பற்றி யோசிக்காமல் உடனே பிரசவ வார்டுக்குப் போங்கள்.

ஒரு வருஷத்துல அஞ்சு தடவை வந்துடுச்சு. ஒவ்வொரு தடவையும் ஒரு மாத்திரை போடுறேன், போகுது, மறுபடி வருது. பெரும்பாலும் மாதவிலக்குக்கு முந்தின வாரம். கழுவற விதத்துல தப்பா? டெட்டால், வெந்நீர், மஞ்சள் எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன்.
– வாசகி, நாகப்பட்டினம்

பண்ணிப் பார்த்ததையெல்லாம் முதலில் நிறுத்துங்கள். உள்ளே கழுவவே தேவையில்லை, அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். சோப்பின் பி.எச். 9, 10 என்று இருக்கும். கிருமிநாசினி நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். மஞ்சள் ஏற்கெனவே புண்ணான தோலை இன்னும் எரியவைக்கும். வெளியே மட்டும், தண்ணீரால், முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். உள்ளாடையை யார் கண்ணிலும் படக் கூடாது என்று புடவைக்கடியில் மறைத்துக் காயப்போடும் வழக்கத்தையும் விடுங்கள், வெயில் படட்டும். ஐப்பசி அடைமழையில் எதுவும் காயாது. அப்போது சூடான இஸ்திரிப்பெட்டியால் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் போடுங்கள், ஈரத்தோடு போடாதீர்கள்.

ஆனால் வருடத்துக்கு 5 முறை என்பதைக் கழுவும் முறையின் தலையில் போட முடியாது. 12 மாதத்தில் 3 முறைக்கு மேல் வந்தால் அதற்குத் ‘திரும்பத் திரும்ப வரும் தொற்று’ என்று தனி வைத்தியம் உண்டு. மாதவிலக்குக்கு முந்தின வாரம் முற்றி, மாதவிலக்கு வந்ததும் தணிவது ஹார்மோன் ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போகிறது. ஒவ்வொரு முறையும் ஒற்றை மாத்திரை போடும்போது பூஞ்சையின் எண்ணிக்கை இறங்குகிறது, ஒழிவதில்லை. அடுத்த மாதம் மறுபடி ஏறுகிறது.

அரிப்பு இருக்கும் நாளில், மருந்து போடும் முன்பே போய், பூஞ்சையை வளர்த்து எந்த வகை என்று பார்க்கும் ‘கல்ச்சர்’ சோதனை கேளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையிலோ காட்டலாம். அல்பிகன்ஸ் என்று வந்தால், ஃப்ளூகோனசோல் 150 மி.கி. முதல் நாள், நான்காம் நாள், ஏழாம் நாள் என மூன்று. பிறகு வாரம் ஒன்று வீதம் 6 மாதம். இப்படிச் சாப்பிடும் காலத்தில் 10இல் 9 பேருக்குத் திரும்ப வருவதில்லை. நிறுத்தியபின் அடுத்த ஆறு மாதத்தில் பாதிப் பேருக்கு மேல் மறுபடி வந்துவிடுகிறது என்பதையும் தெரிந்துகொண்டே தொடங்குங்கள், அப்போது மனம் உடையாது. இந்த ஆறு மாதமும் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை சோதனை கட்டாயம். எச்.ஐ.வி. சோதனையையும் ஒரு முறை செய்துகொள்வது வழக்கம்.

கல்ச்சரில் கிளாப்ரேட்டா என்ற வகை வந்தால் கதை வேறு. ஃப்ளூகோனசோலுக்கு அது சரியாக மசியாது. அப்போது போரிக் ஆசிட் 600 மி.கி. கேப்ஸ்யூலை இரண்டு மூன்று வாரம் உள்ளே வைக்கச் சொல்வார்கள். கேரம் போர்டில் தூவும் அதே போரிக்தானே என்று கடைத்தூளை வாங்கிப் பயன்படுத்திவிடாதீர்கள். அளவும் சுத்தமும் அதில் கிடையாது. வாயில் போனால் உயிருக்கே ஆபத்து, குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு அறவே ஆகாது.

என் மகளுக்கு 7 வயது. ராத்திரியில் கீழே சொறிந்துகொண்டே இருக்கிறாள். எனக்கு எழுதிய ஈஸ்ட் மருந்தைத் தடவலாமா?
– ஒரு தாய், வேதாரண்யம்

வேண்டாம். அந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் இல்லை, கிளைகோஜன் இல்லை, ஆகவே பிறப்புறுப்பில் ஈஸ்ட் தொற்றும் மிக அரிது. ராத்திரி அரிப்பு என்றால் கீரிப்பூச்சியாக இருக்கும். குழந்தை தூங்கி ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் அடித்து ஆசனவாயைப் பாருங்கள். வெள்ளை நூல்போல் நெளியும். மருத்துவரைக் கேட்டு அல்பெண்டசோல் 400 மி.கி. ஒன்று, 2 வாரம் கழித்து இன்னொன்று, வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். வாசனைச் சோப்பும் நுரைக்குளியலும்கூட அந்த வயதில் தோலைக் கடிக்கும்.

வாடையோடு சீழ், ரத்தம் என்றால் உள்ளே ஏதாவது சிறு பொருள் மாட்டியிருக்கலாம். யாராவது தொட்டார்களா என்பதையும் பதறாமல், அவள் பயப்படாதபடி கேளுங்கள். தேவைப்பட்டால் 1098 குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

61 வயது. மாதவிலக்கு நின்று 12 வருடம். சர்க்கரை இல்லை. இரண்டு வருடமாக அரிப்பு, பூஞ்சை மருந்து நாலைந்து முறை போட்டாயிற்று.
– வாசகி, வலங்கைமான்

முன் கேள்வியின் அதே காரணம்தான் இங்கேயும். ஈஸ்ட்ரோஜன் வற்றிய இடத்தில் கேண்டிடா செழிப்பதில்லை. சர்க்கரையும் இல்லை, ஹார்மோன் மாத்திரையும் சாப்பிடவில்லை என்றால் உங்கள் அரிப்பு பூஞ்சையாக இருக்க வாய்ப்புக் குறைவு. வறட்சியாக இருந்தால் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் உதவும். இதழ்களில் தோல் வெளுத்து, சிகரெட் தாள்போல் மெலிந்து சுருங்கியிருந்தால் லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோய். இதற்கு, பாபநாசம் வாசகிக்கு வேண்டாம் என்று சொன்ன அதே கிளோபெட்டசாலைத்தான் மருத்துவர் கணக்காக எழுதித் தருவார். நோய் எது என்று தெரிந்து போடுவது ஒன்று, தெரியாமல் போடுவது ஒன்று. இதைச் சிகிச்சையின்றி விட்டால் சிலருக்கு ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறலாம். ஆறாத புண்ணோ தடிப்போ இருந்தால் சிறு துணுக்கு எடுத்து பயாப்ஸி பார்ப்பார்கள். ஐந்தாவது ட்யூபை வாங்காமல், கண்ணால் பார்த்துச் சோதிக்கும் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள்.